போக்கிடம் இல்லாத தண்ணீர்

அந்த கான்கிரீட் பிளாண்டில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் தண்ணி அக்கா. வெளியாள் யாராவது கேட்டால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்களே என்று முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. அவளைவிட வயதில் மூத்த மிக்ஸர் லாரி டிரைவர்கள்கூட கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போதே, "தண்ணி அக்கா, பிள்ளைக்குக் குளியல்!" என்று கத்துவார்கள்.

குளியல் என்பது டிரம்முக்கு. கான்கிரீட்டைக் கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். உடனுக்குடன் கழுவினால் போயிற்று, காயவிட்டால் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் உள்ளே இறங்க வேண்டும். அதனால் திரும்பும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குழாயை விட்டு, சுழற்றி, கழுவிக் கவிழ்ப்பார்கள். கவிழ்ப்பது ஒரு பெரிய சல்லடை இயந்திரத்தில். ஜல்லி ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் பிரிந்து விழும். சிமெண்ட் கலந்த சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் வாய்க்கால் வழியாக முதல் தொட்டிக்கு வரும். அங்கே வண்டல் கீழே தங்கும், மேல்தண்ணீர் இரண்டாவது தொட்டிக்கு வழியும். மூன்றாவது தொட்டிக்கு வரும்போது கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். அதை பம்ப் இழுத்து, நல்ல தண்ணீரோடு கலந்து, அடுத்த லோடு கான்கிரீட்டுக்கே ஊற்றிவிடும்.

"பாத்திரம் கழுவின தண்ணியில அடுத்த சமையல். இந்தச் சிக்கனம் என் பொண்டாட்டிக்கே வராது" என்பான் கரண்டி. கரண்டி என்பவன் லோடர் ஓட்டுபவன். ஜல்லியை அள்ளி அள்ளிப் போடுவதால் அந்தப் பெயர்.

எவ்வளவு பழைய தண்ணீர், எவ்வளவு புதுத் தண்ணீர் என்று பார்ப்பது அவள் வேலை. பழையது கூடினால் கான்கிரீட் வழியிலேயே இறுகிவிடும். குறைந்தால் தொட்டி நிரம்பிவிடும். ஆனால் தொட்டி நிரம்பும் என்று அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. பிளாண்டுக்கு எப்போதும் தண்ணீர்த் தட்டுப்பாடுதான். வெயில் காலத்தில் லாரித் தண்ணீருக்குத் தவம் கிடப்பார்கள். அந்த தைரியத்தில்தான் அவள் தன் அண்ணனிடம் சொல்லியிருந்தாள், "ஒரு சொட்டு வெளிய போகாதுண்ணே. எங்களுக்கே பத்தல, உனக்கு எங்க விடப் போறோம்?"

அண்ணனுக்கு பிளாண்டின் பின்சுவரை ஒட்டி, பள்ளத்தில், ஒரு குட்டை இருந்தது. குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தான். அதற்கு முன்னால் அவன் கை வைத்த எதுவும் துலங்கியதில்லை. கோழி வளர்த்தான், சீக்கு வந்து வாரிக்கொண்டு போனது. வாடகை வேன் ஓட்டினான், மரத்தில் மோதி முழங்கால் போனது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் மீன் அவனை ஏற்றுக்கொண்டது. குட்டைக் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அண்ணியோடு அங்கேயே தங்கிவிட்டான். மீன்களை "பசங்க" என்பான். "பசங்க இன்னைக்குச் சரியா சாப்பிடல பாப்பா" என்று தங்கையிடம் சொல்லும்போது, சொந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாததுபோல அவனுக்கு முகம் வாடும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பிளாண்ட் வரப்போகிறது என்றபோது தெருவில் முதலில் பயந்தவன் அவன்தான். தங்கை அங்கேயே வேலைக்குச் சேர்ந்ததும் பயம் போய்விட்டது. "அந்தத் தண்ணியில காரம் ஜாஸ்தின்னு சொல்றாங்களே, மிளகாய்த்தூள் ஏதும் போடுறீங்களா?" என்று கேலி செய்வான். அவள் விளக்குவாள். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு தண்ணீரில் கரைவதால் வருகிற காரம் அது, கையைப் புண்ணாக்கிவிடும், துணியை அரிக்கும். அவன் சிரிப்பான். "குட்டைக்கு நானே வருஷா வருஷம் சுண்ணாம்பு போடுறேன். பசங்களுக்கு அது நல்லதுதான்."

"நீ போடுறது உப்பு போடுற மாதிரிண்ணே. இது வேற."

அந்த மழை ஒரு வாரத்தின் நடுவில் ஆரம்பித்தது. முதல் நாள் எல்லோருக்கும் சந்தோஷம்தான், தூசி அடங்கியது. இரண்டாம் நாள், அவர்கள் கான்கிரீட் அனுப்பிக்கொண்டிருந்த மேம்பால வேலையை நிறுத்திவிட்டார்கள். கொட்டுகிற மழையில் யார் கான்கிரீட் போடுவார்கள்? அதன் பின்னாலேயே மற்ற ஆர்டர்களும் ஒவ்வொன்றாக நின்றன. லாரிகள் வரிசையாக ஓய்ந்து நின்றன. பிளாண்டில் சத்தமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தண்ணீருக்குப் போகிற இடம் கான்கிரீட் ஒன்றுதான். கான்கிரீட் கலக்கவில்லை என்றால் அது எங்கே போகும்? மேலே திறந்த தொட்டி. முற்றத்தில் விழுகிற மழையும் வாய்க்கால் வழியாக அதற்குள்தான் வருகிறது, வெளியே ஒரு சொட்டு போகக் கூடாது என்று அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

மேனேஜரைப் போனில் அழைத்தாள். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், தரைப்பாலம் மூழ்கி இரண்டு நாளாக வர முடியவில்லை.

"சார், மூணாவது தொட்டி விளிம்புக்கு ஒரு சாண்தான் இருக்கு."

"டேங்கர் வெச்சு எடுக்கச் சொல்லும்மா. சுத்திகரிப்பு ஆளுங்க நம்பர் அனுப்பறேன்."

அந்த நம்பரில் பேசியவன் அலுத்துப்போய்ச் சிரித்தான். "டேங்கரா? எங்க யார்டுல டேங்கரே மிதந்துட்டு இருக்கு மேடம். ரோடு தெரிஞ்சா மொதல் வண்டி உங்களுக்குத்தான்."

காரத்தைத் தணிக்க தொட்டிக்குள் விடும் வாயு சிலிண்டர் ஒன்று மிச்சம் இருந்தது. சோடாவில் பொங்குகிறதே அதே கரியமில வாயு. குழாயை மூன்றாவது தொட்டிக்குள் இறக்கித் திறந்தாள். தண்ணீர் குமிழியிட்டது. காரம் கூடினால் கருநீலமாகும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். கருநீலம் கொஞ்சம் வெளுத்தமாதிரி இருந்தது. அதற்குள் சிலிண்டர் புஸ்ஸென்று ஓய்ந்துவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கரண்டிதான் அந்த யோசனையைச் சொன்னான். "அக்கா, ஆர்டர் இல்லாட்டி என்ன? நாமளே கலக்கி அச்சுல ஊத்திப் பிளாக்கா போட்டுடலாமே. கான்கிரீட் கெட்டாலும் தண்ணி தீரும்ல?"

அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. மேனேஜர் போனிலேயே கத்தினார், "போடுங்க, போடுங்க, நான் சொன்னேன்னு போடுங்க!" மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. முதல் லோடைக் கலக்கினார்கள். அச்சுகளில் ஊற்றினார்கள். தொட்டியில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. இரண்டாவது லோடுக்கு ஜல்லி ஏறிக்கொண்டிருக்கும்போது எங்கேயோ டமார் என்று ஒரு சத்தம். மின்மாற்றி வெடித்திருக்கிறது. கன்வேயர் நின்றது, பம்ப் நின்றது. ஜெனரேட்டர் ஆபீஸ் விளக்குக்கு மட்டும்தான் தாங்கும்.

"இன்னைக்கு வராது" என்று தெருமுனைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான் கரண்டி. இறங்கிய அந்த ஒரு விரற்கடையை மழை திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தது.

அவள் குட்டைக்கு ஓடினாள். அண்ணன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வலையைப் பின்னிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பசங்கள எடுத்துடு. இன்னைக்கே எடுத்துடு."

"எடுத்து எங்க பாப்பா போட? வியாபாரி வண்டி மழை விட்டாத்தான் வருவேன்றான். ஐஸும் இல்ல." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வலையைக் கீழே வைத்தான். "என்ன ஆச்சு?"

சொன்னாள். அவன் உள்ளே போய், தீவனம் வந்த காலிச் சாக்குகளை எல்லாம் வாரி எடுத்துக்கொண்டு வந்தான். "வா. ரெண்டு பேரும் நின்னா நிக்காதா என்ன? நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

அவள் பாதிச் சாக்குகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பிளாண்டை நோக்கி ஓடினாள்.

சல்லடை பிரித்துப் போட்ட மணல்தான் குவியலாகக் கிடந்தது. அதைச் சாக்கில் அள்ளித் தொட்டி விளிம்பில் அடுக்கினார்கள். அண்ணி சாக்குகளின் வாயைக் கட்டினாள். கரண்டி லோடரால் ஜல்லியைத் தள்ளிப் பின்சுவரோரம் கரை எழுப்பினான். ஜல்லிக் கரை தண்ணீரை நிறுத்துமா? இடுக்கு இடுக்காகக் கசியும் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சும்மா நிற்க அவனால் முடியவில்லை.

"முன்பக்கம் வெட்டி விட்டுடலாமா அக்கா?" என்று கேட்டான். "தெரு சாக்கடையில விட்டா ஆத்துக்குப் போயிடும். ஆத்துல இப்ப வெள்ளம், கரைஞ்சிடும்."

அவள் யோசித்தாள். சட்டப்படி தப்பு. ஆனால் ஆற்று வெள்ளத்துக்கு இது எம்மாத்திரம்? "வெட்டு" என்றாள்.

லோடரின் வாய் கேட்டோரம் மண்ணைக் கடித்ததுமே தெரு திரண்டுவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு லோடருக்கு முன்னால் கையை விரித்தாள். அவள் வீட்டு வாசலில் ஏற்கெனவே தண்ணீர், மெஷினைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

"சாக்கடையே பொங்கி எங்க வீட்டுக்குள்ளதான் வருது. அது மேல இதையும் விடப் போறீங்களா? உள்ள என் மாமியார் எந்திரிக்க முடியாம படுத்திருக்காங்க."

"அக்கா, இல்லாட்டி பின்னாடி குட்டைக்குப் போயிடும்..."

"குட்டையில மீனு. இங்க மனுஷங்க." அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டே சொன்னாள். பின்னால் நின்றவர்கள் யாரும் கல் எடுக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. நனைந்துகொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

தண்ணி அக்கா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் மண்வெட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு பாப்பா" என்றான். கரண்டி லோடரைப் பின்னால் எடுத்தான்.

பிற்பகலில் அது வழிந்தது. உடைத்துக்கொண்டு பாயும், சத்தம் போடும் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி எதுவும் இல்லை. சாக்குகளுக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக எட்டிப் பார்த்தது, பிறகு அப்படியே சரிந்து, ஜல்லிக்குள் நுழைந்து, சுவர் கட்டும்போது அடியில் மழைநீருக்காக விட்டிருந்த ஓட்டைகள் வழியாகக் குட்டைப் பக்கம் இறங்கியது. வாய்க்கால் வந்தபிறகு துணியையும் செங்கல்லையும் வைத்து அடைத்த ஓட்டைகள்தான். துணி பிதுங்கி வெளியே வந்து விழுந்தது.

அண்ணன் அந்தத் தண்ணீரைக் குனிந்து பார்த்தான். "தெளிவாத்தானே இருக்கு?" என்று கையை விட்டான். அவன் முகத்தில் ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். சோப்பு மாதிரி வழுக்கியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மழையில் நீட்டிக் கழுவினாள்.

"தெளிஞ்சதுதாண்ணே மோசம், சுண்ணாம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாம அதுலதான் கரைஞ்சிருக்கு" என்றாள்.

அது குட்டையில் விழுந்த இடத்தில், பாலை ஊற்றியதுபோல் வெள்ளையாகக் கலங்கியது. அந்த வெண்மை மெதுவாக, ஓர் அவசரமும் இல்லாமல், உள்ளே பரவிக்கொண்டு போனது. மீன்கள் முதலில் எதிர்க்கரைக்கு ஒதுங்கின. பிறகு அங்கேயும் இடம் போதாமல் மேலே வந்து வாயைப் பிளந்தன. குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரத்துக்கு மின்சாரம் இல்லை. அண்ணன் அதைக் கையாலேயே சுற்றினான், முழங்கால் வலிக்க வலிக்க. சில மீன்கள் துள்ளிக் கரையில் விழுந்தன, தண்ணீரைவிட மண்ணே மேல் என்பதுபோல.

"லாரி டிரம்முல போடலாமா?" என்று கரண்டி கத்தினான்.

"டிரம்முக்குள்ள பூராவும் சிமெண்ட்தானே!" அந்த பிளாண்டில் சிமெண்ட் படாத பாத்திரமே கிடையாது. வாளி, தொட்டி, லோடரின் வாய், எல்லாவற்றிலும் அதே சாம்பல். அப்போதுதான் அவளுக்கு நல்ல தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்தது. ஆபீஸுக்குக் கீழே, மூடி போட்ட நிலத்தடித் தொட்டி. மேனேஜரைக் கேட்கவில்லை. மூடியை நெம்பித் திறந்தாள்.

நால்வரும் வலையில் வாரி வாரிக் கொண்டு ஓடினார்கள். அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சமையல் குண்டானில் ஏந்திக்கொண்டு வந்தாள். தையல்காரிகூட ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் கை கொடுத்தாள். தொட்டிக்குள் விட்டதும் மீன்கள் கீழே போயின. அண்ணன் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். "நீந்துது பாப்பா! நீந்துது!"

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது ஒன்றுவிடாமல் மிதந்தன. செவுள் வெந்துபோயிருந்தது. குட்டையில் இருந்தவை அதற்கு முன்பே மிதந்துவிட்டன. அண்ணன் ஒன்றை எடுத்து, செவுளை விரலால் விரித்துப் பார்த்து, மெதுவாகத் தண்ணீரிலேயே வைத்தான்.

அண்ணிதான் முதலில் வாய் திறந்தாள். "ஒரு சொட்டு வராதுன்னு சொன்னியேம்மா." அவ்வளவுதான் சொன்னாள்.

"விடு. அவ என்ன பண்ணுவா?" என்றான் அண்ணன்.

அவன் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

மழை விட்டது. வெயில் எதுவுமே நடக்காதமாதிரி அடித்தது. தரைப்பாலம் தெரிந்ததும் மேனேஜர் வந்தார். வண்டியை விட்டு இறங்கியவர் நேராகக் குட்டைக் கரைக்குப் போய் நின்றார். நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை எடுத்தார், பிறகு அதை மூக்கில் வைக்கக் கூச்சப்பட்டு மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

அதற்கும் சில நாள் கழித்துத்தான் அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வெள்ளத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் அவருக்கு நிறைய. குட்டைத் தண்ணீரில் கருவியை விட்டுப் பார்த்தார். அதற்குள் மேல்நிலத்து மழைநீர் எல்லாம் இறங்கிக் கலந்து, காற்றும் பட்டு, காரம் தணிந்துவிட்டிருந்தது.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ஆனா மீன் சாகற அளவுக்கு இல்லையே" என்றார்.

"அன்னைக்கு நான் பாத்தேன் சார். தாள் கருநீலமா மாறுச்சு. எங்க தொட்டித் தண்ணிதான் சார் வழிஞ்சது." மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். அவர் தடுக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க பொய் சொல்லலம்மா. எனக்குத் தெரியுது. ஆனா நான் இன்னைக்குப் பாத்ததைத்தான் எழுத முடியும். ஊர் பூராவும் வெள்ளம், எல்லாக் குட்டையிலயும் மீன் செத்திருக்கு. எதுனால செத்துச்சுன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

அவர் போனபிறகு மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"ஈடு கொடுக்கணும்னு நான் மேல கேட்டேன். இயற்கைச் சீற்றம், நம்ம பொறுப்பு இல்லன்னுட்டாங்க. திரும்பவும் கேப்பேன். கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்." குட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உங்க அண்ணனுக்கு இங்க ஒரு வேலை போட்டுத் தர முடியும். அது என் கையில இருக்கு. அது மட்டும்தான் இருக்கு."

அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் விழுங்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் குட்டையைப் பார்த்தான். தண்ணீரை வெளியேற்றி, வண்டலை எடுத்து, காயப்போட்டு, திரும்பக் குஞ்சு விடுவதென்றால் அடுத்த பருவம் ஆகிவிடும், அதுவும் கையில் ஏதாவது இருந்தால்.

"என்ன வேலை?" என்று கேட்டான்.

"லாரி கழுவற இடத்துல."

"உன் கிட்டயா?"

"ஆமாண்ணே."

"சரி."

மேம்பால வேலை மறுபடி சூடுபிடித்தது. விட்ட நாளையெல்லாம் பிடிக்க வேண்டும் என்று லோடு மேல் லோடு கேட்டார்கள். மின்சாரம் வந்தது, பம்ப் ஓடியது. அவ்வளவு பெரிய தொட்டிகள் மூன்றும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது தொட்டியின் அடி தெரிந்தது. அந்த வாரமே தண்ணீர் பத்தவில்லை என்று மேனேஜர் லாரித் தண்ணீருக்குச் சொல்லி அனுப்பினார். முதல் டேங்கர் கேட்டுக்குள் நுழைந்தபோது அவளே போய் அதன் குழாயை நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினாள். கரண்டி அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

அண்ணன் வேலைக்கு வந்த முதல் நாள், ஸ்டோரிலிருந்து கொடுத்த பூட்ஸ் அவனுக்குப் பெரிதாக இருந்தது. நொண்டும் காலில் அது டொக்கு டொக்கென்று அடித்தது. திரும்பி வந்த ஒரு லாரி பின்பக்கத்தைத் திருப்பி நின்றது. குழாயைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போனான். டிரம்மிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சல்லடையில் கொட்டத் தொடங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, கையுறை போடு" என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். லாரி டிரைவரும் இன்னும் இரண்டு புது ஆட்களும் அங்கே நின்றிருந்தார்கள். தங்கை பெயருக்குக் கெடுதல் வரக் கூடாது என்று நினைத்தானோ, விளையாட்டாகத்தான் சொன்னானோ, அவன் திரும்பி முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றான்.

புது ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. அவன் கையுறையை மாட்டிக்கொண்டு, குழாயை டிரம்முக்குள் நீட்டினான். அவள் மூன்றாவது தொட்டியின் பின்னால் போய், பம்ப்பைப் பார்ப்பதுபோல, லாரி கழுவி முடியும்வரை அங்கேயே நின்றாள்.